நேர்ந்துவிட்ட மாடு

இலவசமாக ஒன்றைக் கொடுக்கப் போகிறவர், அதை வாங்க யாரும் கை நீட்டவில்லை என்று கோபப்படலாமா? கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் திறந்த மூல மென்பொருள் உலகத்தில் தினமும் நடக்கிற சண்டை இதுதான்.

அந்த உலகத்துக்குப் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. திறந்த மூல நிரலை யாரும் வாசிக்கலாம், பிழை கண்டால் யாரும் திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது. அந்த நிரலைப் பராமரிக்கிறவர்களில் ஒருவர் வரி வரியாக வாசித்துச் சரி என்று சொல்ல வேண்டும். இந்த வாசிப்பைத்தான் கோட் ரிவியூ என்கிறார்கள். எழுத ஒரு வார இறுதி போதும். வாசிக்கப்படுவதற்கு மாதங்கள் ஆகும், சில வேளை வருடங்கள்.

என்னுடைய திருத்தம் 14 மாதங்களாகக் கிடக்கிறது. நூலகப் பட்டியல்களை ஒழுங்குபடுத்துகிற ஒரு சிறிய நிரல் அது. பெயர் வேண்டாம். அதற்குத் தமிழ் அகரவரிசை தெரியாது. யூனிகோடு அட்டவணையில் ‘ந’வுக்கு அடுத்த இடத்தில் ‘ன’ இருக்கிறது, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’, ‘ழ’வுக்குப் பின்னால்தான் ‘வ’. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கினால் றஞ்சினி வள்ளிக்கு முன்னால் போய் நிற்பாள். இலங்கைத் தமிழர் பெயர்ப் பட்டியலில் ‘ற’வில் தொடங்கும் பெயர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் குழப்பம் சிறியதல்ல. சரியான வரிசைக்கான விதிகள் பொதுவில் கிடைக்கின்றன. இந்த நிரல் அவற்றைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்க வைக்க 60 வரி எழுதினேன். மூன்று தடவை மரியாதையாக நினைவூட்டினேன். கிடைத்த ஒரே பதில் ஒரு தானியங்கியிடமிருந்து வந்தது: இந்தக் கோரிக்கையில் நெடுநாளாக அசைவில்லை, ஆகவே விரைவில் மூடப்படும். அசையாமல் இருந்தது நானாம்!

ஒஸ்லோவில் என் தலைமுறைத் தமிழர்கள் காத்திருப்பதில் பட்டம் பெற்றவர்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும் வரை கடிதப் பெட்டியைத் திறந்து மூடிய வருடங்கள் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அதனால் பதில் வராத மௌனம் எதுவானாலும் எங்களுக்கு ஒரே மௌனமாகத்தான் கேட்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கோப்பை மேசையில் வைத்திருக்கும் அதிகாரிக்குச் சம்பளம் உண்டு, கடமை உண்டு. அவர் தாமதித்தால் அநீதி என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நிரலைப் பராமரிக்கிறவர் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் முக்கால் மணி நேரத்தில் மடிக்கணினியைத் திறக்கிறவர். அவரிடம் எந்த உரிமையில் கேட்பது?

சிறு நிரல் ஒன்றைப் பராமரிக்கும் தங்கை ஒருத்தியிடம் இதைக் கதைத்தபோது அவள் சொன்னாள்: “அண்ணா, ஊரில் கோயிலுக்கு மாடு நேர்ந்துவிடுவார்களே, அது மாதிரித்தான். நேர்ந்துவிட்டவர் புண்ணியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த பத்து வருசம் புல்லுப் போடுகிறது யார்?” என் 60 வரியை ஏற்றுக்கொள்கிற நாளிலிருந்து அதில் வரும் ஒவ்வொரு பிழையும் அவர்களுடையது. அனுப்பியவன் அப்போது எங்கே இருப்பானோ.

இதோடு நிறுத்தியிருந்தால் பராமரிப்பாளர் பக்கம் சாய்ந்து அமைதியாகியிருப்பேன். ஆனால் 2024இல் வெளிவந்த ஒரு விவகாரம் இந்தக் கேள்வியை இன்னும் சிக்கலாக்கியது.

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்குகிற ஒரு நிரல். உலகத்தின் லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. பின்லாந்துக்காரர் ஒருவர் சம்பளமில்லாமல், ஏறக்குறையத் தனியாகவே அதைப் பராமரித்து வந்தார். 2022இல் சில கணக்குகள் அவரை நச்சரிக்கத் தொடங்கின. திருத்தங்கள் கிடந்து ஊறுகின்றன, உமக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் கொடும் என்ற தொனியில். அதில் ஒன்று ‘குமார்’ என்று முடிகிற பெயர். நம்மவர் போலத் தெரியட்டும் என்று யார் யோசித்தார்களோ. இது பொழுதுபோக்குக்காகச் செய்வது, மனநலமும் சரியில்லை என்று அவர் பொதுவிலேயே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்த நேரத்தில் பொறுமையாக, பணிவாகத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்த ஜியா டான் என்ற கணக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவி கைமாறியது. 2024 பெப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியியலாளர் அதை வெளிப்படுத்தினார். தன் கணினியில் உள்நுழைவு அரை விநாடி பிந்துகிறதே என்று தோண்டிப் பார்த்ததில் அகப்பட்டது அது. கதவு வைத்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை.

என்னை உறுத்தியது அந்த நச்சரிப்பின் வாசகங்கள். திருத்தம் அனுப்பிவிட்டுக் காத்திருந்த எவருக்கும் அந்தக் குறைகள் தெரிந்தவைதான். நியாயமான குறை, மரியாதையான தொனி இரண்டையும் வைத்துக்கொண்டு நல்லவனையும் கள்ளனையும் பிரித்தறிய முடியாது. அப்படியானால் பராமரிப்பாளருக்கு என்ன வழி? தான் வாசித்துப் புரிந்துகொள்ளாததை உள்ளே விடாமல் இருப்பதுதான். அதுவும் முழுக் காப்பு அல்ல. ஹார்ட்பிளீட் பிழையை உண்டாக்கிய வரிகளை 2011இல் ஒருவர் வாசித்துத்தான் அனுமதித்தார். 2014 ஏப்ரல் வரை அது வெளியே வரவில்லை. ஆனாலும் வாசிப்பைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கேதான் தமிழுக்கு வருகிறேன். ஆங்கிலத் திரையில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்பினால் அந்த நிரலில் ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். யார் பார்த்தாலும் சரி பிழை தெரியும். றஞ்சினிக்கு முன்னால் வள்ளி வர வேண்டும் என்பதை அவர்கள் எப்படிச் சரிபார்ப்பார்கள்? எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் காத்திருப்பு சமமாகப் பங்கிடப்படவில்லை, வாசிக்க ஆளில்லாத மொழிகளே வரிசையின் கடைசியில் நிற்கின்றன. வாசிக்கத் தெரியாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவரை நான் எப்படிக் குறை சொல்வது? ‘திருத்தங்கள் வரவேற்கப்படும்’ என்று வாசலில் எழுதி வைத்தவரிடம், “இதை எங்களால் சரிபார்க்க முடியாது” என்ற ஒரு வரியை மட்டும் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அது அவருடைய கடன்தான். அதற்கு மேல் கேட்க எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பக்கம் பொதுவானது. யாரும் வந்து வாசித்து, “எனக்குத் தமிழ் தெரியும், ஓடவிட்டுப் பார்த்தேன், வரிசை சரி” என்று எழுதலாம். எத்தனை தமிழர் நிரல் எழுதிப் பிழைக்கிறோம்! இந்த 14 மாதத்தில் ஒருவரும் வரவில்லை. நம் சிற்றிதழ்களிலும் இதே கதைதான், எழுத நூறு பேர், மெய்ப்புப் பார்க்க ஆசிரியரும் அவர் மனைவியும்.

அதே வரிசையில் எனக்கு முன்னால் ஒரு டேனிஷ் திருத்தம் கிடந்தது. டேனிஷில் ‘ஏ’ என்ற எழுத்தை அடுத்தடுத்து இருமுறை எழுதினால் அது பெரும்பாலும் அகரவரிசையின் கடைசி எழுத்தாகவே கொள்ளப்படும். ஆர்ஹூஸ் நகரம் பட்டியலின் அடியில் வர வேண்டும். இந்த நிரல் அதைத் தலையில் வைத்திருந்தது. நமது ‘ன’வைப் போலவே அவர்களுடைய கடைசி எழுத்தும் முன்னால் வந்து நின்றது. நோர்வேஜியன் தெரிந்தவனுக்கு டேனிஷ் வாசிப்பது கடினமில்லை. இரண்டு மாலை எடுத்தது. ஓடவிட்டுப் பார்த்தேன், ஒரு சோதனையில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்திருந்ததைக் குறித்தேன், மற்றது சரி என்று எழுதினேன். அனுப்பியவர் மறுநாளே திருத்திவிட்டார். பராமரிப்பாளர் இன்னும் பார்க்கவில்லை.