பிரகலாதனிடம் தந்தை கேட்காத கேள்வி

ஹிரண்யகசிபுவின் மாளிகைக்குப் பக்கத்திலேயே குருகுலம். சுக்ராசாரியாரின் பிள்ளைகள் சண்டனும் அமர்க்கனும் அங்கே வாத்தியார்கள். பிரகலாதனுக்கு அப்போது ஐந்து வயது என்கிறது ஸ்ரீமத் பாகவதத்தின் 7-ஆம் ஸ்கந்தம். இந்தக் காலத்தில் யு.கே.ஜி. படிக்கிற வயது.

படித்ததில் நல்லதாக ஒன்று சொல் என்று தந்தை மடியில் வைத்துக் கேட்க, பிள்ளை விஷ்ணு பக்தியைச் சொல்கிறது. நம்பி ஒப்படைத்த பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்களே என்று வாத்தியார்கள் மேல் பாய்கிறான் ஹிரண்யகசிபு. நாங்கள் சொல்லித்தரவில்லை என்று அவர்கள் கைவிரித்ததும், கோபம் முழுக்கப் பிள்ளை பக்கம் திரும்புகிறது. இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று துருவியவன், குருகுலத்தில் உன்னை எப்படி நடத்துகிறார்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை. அதற்கு முன்பே அங்கே பிரம்பை எடுத்து வரச் சொல்லி மிரட்டியிருந்தார்கள். தந்தை கொல்ல ஏவிய யானை, பாம்பு, விஷம் எல்லாம் தாண்டி வந்த பிறகும் அந்தக் குழந்தை அனுப்பப்பட்டது அதே வாத்தியார்களிடம்தான்.

இன்றும் இது நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓடியாடும் பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலை ஷூ மாட்டும்போது வயிறு வலிக்கிறது. அடம் என்று தீர்மானித்து வேனில் ஏற்றி விடுகிறோம்.

பிரகலாதன் உண்மையில் கற்றது எங்கே? தாய் கயாதுவின் வயிற்றில் இருந்தபோது, நாரதரின் ஆசிரமத்தில். அங்கே அவள் எந்தப் பக்கத்திலிருந்தும் பயமில்லாமல் இருந்தாள் என்கிறது பாகவதம். பயமில்லாத இடத்தில் காதில் விழுந்தது கடைசிவரை நின்றது.

ஜப்பானில் டெட்சுகோ குரோயனகி என்ற சிறுமியை முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு அனுப்பிவிட்டார்கள். தாய் அதை மகளிடம் சொல்லவில்லை. அவள் பெரியவளான பிறகுதான் சொன்னார். புதுப் பள்ளிக்குப் போகலாம் என்று மட்டும் சொல்லி, டோக்கியோவில் ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த டோமோயி பள்ளிக்கு அழைத்துப் போனார். அங்கே தலைமையாசிரியர் கோபயாஷி நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம் அவள் பேசியதை எல்லாம் கேட்டார். 1981-இல் ‘டோட்டோ-சான்’ நூலாக வந்தது இந்தக் கதைதான். தோற்றுப்போய் வந்தோம் என்ற எண்ணமே இல்லாமல் அந்தக் குழந்தை புதுப் பள்ளிக்குள் நுழைந்தது. தாய் செய்த பெரிய புண்ணியம் அது.

மிஸ் ஒருநாள் குரலை உயர்த்தினார் என்பதற்காகப் பள்ளியை மாற்ற வேண்டாம். நேரில் போய்ப் பேசலாம். ஆனால், நடந்ததை மறைத்து, கேட்டால் பிள்ளை மேலேயே பழி போடும் இடத்தில், கட்டிய ஃபீஸை எண்ணித் தயங்கக் கூடாது. உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும்போது, டி.சி. தாமதம் என்று சேர்க்கையை மறுக்கவும் கூடாது.

டி.சி. வாங்கப் போகும் முன், உன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். புதுப் பள்ளியில் சேர்த்த பிறகு மார்க்கைக் கேட்பதற்கு முன்னால், அங்கே உன்னை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தினமும் கேளுங்கள்.