யாருமில்லாத கிரகம்

சித்தி மகன் 'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு கிரகத்தில் இறங்கி, செடியொன்றை ஸ்கேன் செய்து, ஒளிக்கற்றையால் அறுத்தான். அதிலிருந்த சேர்மம் பைக்குள் வந்தது. அதை வைத்து வேறு பொருட்கள் செய்யலாம். கண்டுபிடித்தவர் என்று அவன் பெயரும் பதிவானது.

"யார்ட்டல கேட்டு எடுத்த?"

"ஆளே இல்லாத கிரகம்ணே. யார்ட்ட கேக்க?"

சரிதான். ஆனால் நிஜத்தில் அப்படி ஓர் இடம் உண்டா?

தென்காசியில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை. அதே தொடரில் தெற்கே அகத்தியமலை. 1987-ல் புஷ்பாங்கதன் தலைமையிலான ஆய்வுக் குழு அங்கே ஏறியது. ஆய்வாளர்கள் களைத்துப்போனார்கள். வழிகாட்ட வந்த காணிக்காரர்களோ ஏதோ சின்னக் காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். என்னவென்று கேட்டதற்கு முதலில் சொல்லத் தயங்கினார்கள். பிறகு சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 1995-ல் தயாரிப்பு உரிமம் 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குப் போனது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997-ல் அறக்கட்டளையும் அமைந்தது. நியாயமான பங்கீடு என்று உலகமே உதாரணம் காட்டியது. காணி வைத்தியர்கள் சிலர் மட்டும் எதிர்த்தார்கள்: அது விற்கிற பொருள் அல்ல.

எனக்கு இந்த எதிர்ப்புதான் முக்கியமாகப் படுகிறது. பறித்த இலை மறுபடி துளிர்க்கும். சொன்ன ரகசியத்தைத் திரும்ப வாங்க முடியாது. கூட வந்த சிலர் 'சரி' என்றால், ஒரு கூட்டமே சம்மதித்ததாக ஆகுமா? பங்கு கொடுப்பது நல்ல விஷயம். ஆனால் எவ்வளவு என்ற கேள்வி, சொல்லலாமா என்ற கேள்வியை ஓசையில்லாமல் விழுங்கிவிடுகிறது. அந்த மலையில் கிடைத்த அரிய பொருள் சேர்மம் அல்ல, அந்தப் பதில்தான்.

உபதேசம் பண்ணும் தகுதி எனக்கும் இல்லை. போன சாரல் சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் விற்கும் ஆச்சியிடம், அதில் என்னென்ன மூலிகை சேர்க்கிறார் என்று கேட்டேன். "எதுக்குய்யா, நீ காய்ச்சவா போற?" என்று சிரித்துக்கொண்டே ஏழெட்டுப் பேர் சொன்னார். போனில் குறித்துக்கொண்டேன். ஒரு பாட்டில்கூட வாங்கவில்லை. அந்தக் குறிப்பை அழித்துவிடலாம். கேட்டதை அழிக்க முடியாது.

தம்பி அடுத்த கிரகத்துக்குக் கிளம்பிவிட்டான். அந்த விளையாட்டு நமக்குத் தரும் பெரிய வசதி ராக்கெட் இல்லை. நமக்கு முன்னால் அந்தச் செடியை அறிந்தவர் யாருமே இல்லை என்பதுதான்.