நம்பிக்கை கேட்டுப் பெறுவதா?



"என்னை நம்புங்கள்" என்று தம் கீழ் வேலை செய்வோரிடம் சொல்லாத தலைவர் அரிது. அலுவலகத்தில் அதிகாரி சொல்கிறார். பாடசாலையில் அதிபர் சொல்கிறார். அச்சகத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். கீழ்ப்படிவைக் கட்டளையிட்டுப் பெறலாம். நம்பிக்கையையும் அவ்வாறு பெற முடியுமா?

கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடி கரையேறியதும் மீன் எல்லார் கண்முன்னும் குவிகிறது. என்ன பட்டது என்பது வலைக்காரருக்கு மட்டுமன்றி, கயிறு பிடித்தவருக்கும் தெரியும். பங்கு குறைந்தாலும் மறுநாள் அவர் வருகிறார். குறைத்தது கடல், முதலாளியின் கையல்ல என்பதைக் கண்ணாரக் கண்டவர் அன்றோ! கணக்கை மறைத்துக்கொண்டு நத்தாருக்கு மட்டும் அள்ளிக் கொடுப்பவருக்கு நன்றி கிடைக்கலாம், நம்பிக்கை கிடைக்காது.

ஆயினும் கணக்கு மட்டும் போதாது. துன்பம் வரும்போது தலைவர் எங்கே நிற்கிறார் என்பதையும் மக்கள் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபியர் அடிகளாரை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். புனித மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்து பழக்கியவர் அவர். 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது, திரும்பிச் செல்ல அவருக்கு ஒரு நாடு இருந்தது, அவர் செல்லவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து ஓர் இளைஞருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவேயில்லை.

நம்மிடம் உயிரையா கேட்கிறார்கள்? இல்லை. மிகச் சிறியதையே கேட்கிறார்கள். அதையும் கொடுக்க மனம் வருவதில்லை.

ஒருமுறை ஓர் அறிவித்தலில் திகதி பிழையாக அச்சாயிற்று. கணினியில் எழுத்துக் கோர்த்த தம்பியை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். பின்னர் பார்த்தால், பிழை என் கையெழுத்துப் பிரதியிலேயே இருந்தது. அவரைத் தனியே அறைக்குள் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை பாதர்" என்றார். ஆனால் அதன்பின் பல மாதங்களாக, என் பிரதியில் பிழை கண்டாலும் அவர் வாய் திறக்கவில்லை. இருந்தபடியே கோர்த்து வைத்தார். கீழ்ப்படிவு குறையவில்லை, நம்பிக்கைதான் போய்விட்டது. பலர் முன்னே கடிந்தவன் பலர் முன்னேதான் தன் பிழையை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதைச் செய்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே அவர் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார்.

வாசகர்களே, உங்கள் கீழ் ஒருவரேனும் வேலை செய்கிறாரா? அவர் உங்களை நம்புகிறாரா என்று அவரிடம் கேட்காதீர்கள், நம்புவதாகவே சொல்வார். உங்களையே கேட்டுப் பாருங்கள்: கெட்ட செய்தி ஒன்று வந்தால், அதை அவர் உங்களிடம் முதலில் கொண்டு வருவாரா, கடைசியிலா?