ஓடைக்கு நாம் பட்ட கடன்

சென்ற புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஜனாஸாவில் கலந்துகொள்வதற்காகத் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். திரும்பும்போது அடி அண்ணாமலை வழியாக வர நேர்ந்தது. மலையின் மேற்குப் புறத்தில் இருக்கும் சிற்றூர் அது. பௌர்ணமிதோறும் இந்துச் சகோதரர்கள் லட்சக்கணக்கில் நடந்து மலையைச் சுற்றி வருகின்ற 14 கிலோமீட்டர்ப் பாதை அவ்வழியாகத்தான் செல்கிறது. அங்கே சாலையோரத்தில் ஒரு பெரிய பேருந்து நின்றது. ஒரே நிறச் சட்டை அணிந்த நாற்பது, ஐம்பது வாலிபர்கள், ஆணும் பெண்ணுமாக, கையுறை மாட்டிக்கொண்டு, மலையிலிருந்து இறங்கி வருகின்ற ஓர் ஓடைக்குள் குனிந்து குப்பை பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். மழை இன்னும் தொடங்கவில்லை. ஓடையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் ஓட வேண்டிய இடமெல்லாம் பாட்டில்களும் பைகளுமே கிடந்தன.

நம்முடைய தொப்பியையும் தாடியையும் கண்ட ஒரு பிள்ளை மேலே ஏறி வந்து ஸலாம் சொன்னார். ஆம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவராம். பெங்களூரில் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை.

“டீம் பில்டிங் என்று சொல்வார்கள் ஹழ்ரத். ஆபீஸில் எல்லோரும் ஒற்றுமையாகப் பழக வேண்டும் என்பதற்காக வருஷம் ஒரு தடவை வெளியே கூட்டிப் போவார்கள். போன வருஷம் ரிசார்ட். இந்த வருஷம் ஓடை. ஒன்று கேட்க வேண்டும். கம்பெனி சொல்லித்தான் வந்திருக்கிறோம். சாப்பாடும் அவர்கள் போடுகிறார்கள், போட்டோவும் எடுக்கிறார்கள். இதில் எனக்கு ஏதாவது நன்மை எழுதப்படுமா?”

கேள்வி எளிமையானதுதான். ஆனால் இந்தக் காலத்து வாலிபர்களில் எத்தனை பேருக்கு இப்படிக் கேட்கத் தோன்றுகிறது!

செயல்கள் யாவும் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி ஷரீபில் முதல் ஹதீஸே அதுதான். கணவன் தன் மனைவியின் வாயில் ஊட்டிவிடும் ஒரு கவளத்திற்கும், அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடியிருந்தால் கூலி உண்டென்று ஸஃது (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக் கடமையாகச் செய்வதற்கே நன்மை உண்டென்றால், நிறுவனத்தின் சொல்லுக்காகச் செய்வதற்கு ஏன் இருக்கக் கூடாது? பேருந்தில் ஏற்றிவிடுவதோடு நிறுவனத்தின் வேலை முடிந்துவிட்டது. சாக்கைக் கையில் எடுக்கும்போது மனத்தில் என்ன நினைத்தோம் என்பது அந்தப் பிள்ளைக்கும் அவருடைய ரப்புக்கும் இடைப்பட்ட விஷயம். பாதையில் கிடந்த ஒரு முட்கிளையை அகற்றிய மனிதருடைய செயலை ஏற்றுக்கொண்டு அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று ஹதீஸ் இருக்கிறது. அவரை யார் அனுப்பினார்கள், அன்று அவருக்கு யார் சோறு போட்டார்கள் என்று ஹதீஸில் கேள்வி இல்லை.

போட்டோவைப் பற்றியும் சொன்னோம். தருமத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லதே, மறைத்துச் செய்தால் அது இன்னும் மேலானது என்ற கருத்து சூரத்துல் பகராவில் வருகிறது. நான்கு பேர் பார்த்து நாமும் செய்வோம் என்று கிளம்பினால் அது நல்ல படம்தான். படம் எடுத்த பிறகு கையுறையைக் கழற்றி அதே ஓடையில் வீசிவிட்டுப் போனால் அதற்குப் பெயர் ரியா. (இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை, வேறோர் ஊரில் கண்ணால் கண்டோம்.)

கூட்டாக உழைப்பதால் மனங்கள் ஒன்றுபடும் என்பதை இந்த நிறுவனங்கள் இப்போதுதான் கண்டுபிடித்ததாக எண்ணிவிட வேண்டாம். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு மதீனாவைக் காக்க அகழி தோண்டியபோது, எம்பெருமானார் (ஸல்) அவர்கள் நிழலில் அமர்ந்து கட்டளையிட்டுக் கொண்டிருக்கவில்லை. மண் சுமந்தார்கள். அவர்களுடைய திருவயிற்றின் வெண்மையைப் புழுதி மறைத்திருந்தது என்று கண்ணால் கண்ட பராஉ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பசி, குளிர், எதிரியின் பயம் எல்லாம் இருந்தும் முஹாஜிரும் அன்ஸாரியும் ஒன்றாக நின்று மண் அள்ளினார்கள். நமது பள்ளிவாசல் நிர்வாகக் குழுக்களில் எத்தனை குழுக்கள் ஒரு நாளாவது ஒன்றாக மண்வெட்டி பிடித்திருக்கின்றன? பிடித்திருந்தால் பாதி வழக்குகள் வக்பு வாரியம் வரை போயிருக்காது.

இந்த அளவோடு விடைபெற்று வந்திருந்தால் இக்கட்டுரை எழுத வேண்டிய அவசியமே ஏற்பட்டிருக்காது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து இன்னொரு வாலிபர், இந்துச் சகோதரர், ஒரு பெரிய கறுப்புப் பையை இழுத்து வந்தார். பை கிழிந்திருந்தது. உள்ளே பிரியாணி எலும்பு, தண்ணீர்ப் பாக்கெட், தேநீர்க் கப், மேசை விரிப்பாகப் போடுகின்ற ஞெகிழித் தாள். அவற்றின் நடுவில் ஐந்தாறு திருமண அழைப்பிதழ்கள். மேலே பச்சை எழுத்தில் பிஸ்மில்லாஹ்.

அந்த வாலிபர் ஒன்றும் பேசவில்லை. அழைப்பிதழ்களை மட்டும் தனியே எடுத்து, சட்டையில் துடைத்து, நம் கையில் கொடுத்தார். “சாமி பேர் எழுதியிருக்குங்க, குப்பையில போட வேண்டாம்னு பார்த்தேன்” என்றார். நம்முடைய வாழ்நாளில் இப்படி ஒரு வெட்கத்தை நாம் அனுபவித்ததில்லை.

எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று எழுதப் போவதில்லை. அழைப்பிதழில் தொலைபேசி எண் இருந்தது. மறுநாள் பேசினோம். பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர், ஐங்காலத் தொழுகையாளி. “மண்டபத்தில் கிளீனிங்குக்குப் பணம் கட்டிவிட்டேனே ஹழ்ரத்” என்றார். மண்டபத்துக்காரர், “டிராக்டர்காரரிடம் கொடுத்துவிட்டோம்” என்றார். டிராக்டர்காரரையும் விடவில்லை. அவர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது: “ஒரு டிரிப்புக்கு இவ்வளவுதான் தர்றாங்க. கிடங்கு வரைக்கும் போனா டீசலுக்கே பத்தாது. எங்க கொட்டினேன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே!”

யாரும் கேட்டதில்லை என்பது முழு உண்மை. வலீமாவில் எத்தனை ஸஹன், எத்தனை கிலோ கறி, பந்தியில் யார் யார் என்று பத்து நாள் பேசுகிறோம். மீதி எங்கே போகிறது என்று ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை.

இதில் மார்க்கத்தின் நிலை என்ன? நீர்த்துறையிலும், நடைபாதையிலும், மக்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் மூன்று செயல்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. நாங்கள் அப்படிச் செய்வதில்லையே என்று தாய்மார்கள் சொல்லலாம். குழந்தைக்குக் கட்டிய டயாப்பரைச் சுருட்டி, பையில் முடிந்து, வாய்க்காலில் எறிகிறோமே, அதனுள் இருப்பது நஜீஸ் அல்லாமல் வேறென்ன? கையால் எறிந்ததால் மஸ்அலா மாறிவிடுமா? ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானியின் குடலையும் சாணத்தையும் ஓடையில் தள்ளுவதும் இதே கணக்கில்தான் சேரும். குழி தோண்டிப் புதைக்க ஒரு மணி நேரம் போதும்.

நீர் பெருந்தேக்கமாக இருந்தாலும் சரி, ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, நஜீஸால் அதன் நிறமோ ருசியோ வாடையோ மாறிவிட்டால் அதில் ஒளூச் செய்ய இயலாது. மத்ஹபுகள் இதில் வேறுபடவில்லை. நம் பாட்டனார்கள் ஆற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி ஒளூச் செய்து, கரையிலேயே அஸர் தொழுதவர்கள். இன்று சென்னையில் கூவத்தின் கரையிலோ பக்கிங்காம் கால்வாயின் கரையிலோ நின்று அதை நினைத்துப் பார்க்க முடியுமா? ஞெகிழிப் பை தன்னளவில் நஜீஸ் அல்ல என்பது உண்மைதான். ஆனால் அது போய் மதகை அடைக்கிறது; நீர் தேங்குகிறது; தேங்கிய இடத்தில் சாக்கடை சேருகிறது; மூன்றே மாதத்தில் ஒளூவுக்கு ஆகாத தண்ணீராகிவிடுகிறது. பெருமழை வந்தால் இன்னும் மோசம். 2005 ஜூலை 26-இல் மும்பையில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரமே மூழ்கியபோது, வடிகால்களை அடைத்திருந்த ஞெகிழிப் பைகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை ஞெகிழிப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. அந்தக் கறுப்புப் பையில் இருந்த தண்ணீர்ப் பாக்கெட், கப், மேசை விரிப்புத் தாள் எல்லாமே அந்தப் பட்டியலில் உள்ளவைதான்.

இப்போது அந்த ஆம்பூர்ப் பிள்ளையின் கேள்விக்கு மறுபடியும் வருவோம். அவருக்கு நாம் சொன்ன பதிலில் பாதிதான் இருந்தது என்பது அழைப்பிதழைக் கண்ட பிறகுதான் விளங்கிற்று. பிறர் போட்டதை எடுப்பது ஸதகா. நாம் போட்டதை எடுப்பது ஸதகாவா? ஒருவர் நம்மிடம் தந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் தருமம் செய்தேன் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? நீரைக் கெடுப்பது ஹக்குல் இபாதில், அதாவது அடியார்களின் உரிமையில், கை வைப்பதாகும். தொழாமல் விட்டதற்குத் தௌபாவும் களாவும் உண்டு. அடியானுக்குச் செய்த கெடுதியோ, கெடுதியை நீக்கி, பாதிக்கப்பட்டவர் பொறுத்துக்கொண்டால் அல்லாமல் தீராது. தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் கொண்டு மறுமைக்கு வந்து, பிறருக்குச் செய்த அநீதிக்காக அவையெல்லாம் பிரித்துக் கொடுக்கப்பட்டு வெறுங்கையோடு நிற்பவனே ஓட்டாண்டி என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஓடையின் கீழ்ப்பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர், ஏரித் தண்ணீர் குடிக்கும் ஆடு மாடு, எலிக்காய்ச்சல் கண்ட கூலிக்காரர் என்று நமக்குக் கடன் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! பெயர்கூடத் தெரியாத இவர்களிடம் போய் எப்படிப் பொறுப்புக் கேட்பது? அந்த ஓடையைத் துப்புரவு செய்து கொடுப்பதைத் தவிர வேறு வழி நமக்குத் தெரியவில்லை.

கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பிரிந்து பயணம் செய்தவர்களைப் பற்றிய உவமை ஹதீஸ் உங்களுக்கு நினைவிருக்கும். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில்தானே துளை போடுகிறோம் என்றார்கள். மேலே இருப்பவர்கள் தடுக்காவிட்டால் எல்லோருமே மூழ்குவார்கள். ஓடையில் மேலும் கீழும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சிலர் வேறொரு சந்தேகம் கேட்கிறார்கள். அது கோயில் ஊர், அவர்களுடைய வலப்பாதை, அவர்களுடைய தீர்த்தக் குளங்கள். அங்கே நாம் போய்க் குப்பை எடுப்பது அவர்களுடைய வழிபாட்டில் பங்கு கொள்வதாகாதா என்று. நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது ஹதீஸின் கருத்து. மலையில் பெய்யும் மழை யாருடைய மார்க்கத்தையும் கேட்டுக்கொண்டு இறங்குவதில்லை. வழிபாடு வேறு, வாய்க்கால் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் சென்னையில் முஸ்லிம் வாலிபர்கள் சேறு படிந்த கோயில்களையும் கழுவிக் கொடுத்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதனால் அவர்களுடைய ஈமானுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. நம் பிஸ்மில்லாஹ்வைத் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தவருடைய ஓடையைத் துடைக்க நமக்கு என்ன தடை?

தொடர்ந்து செய்வதில்தான் நாம் தோற்கிறோம். மும்பையில் அஃப்ரோஸ் ஷா என்ற வழக்குரைஞர் 2015 அக்டோபரில் வெர்சோவா கடற்கரையில் குப்பை எடுக்க இறங்கியபோது, உடன் வந்தவர் 84 வயதான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மட்டுமே. வாராவாரம் விடாமல் செய்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2018-இல் அந்தக் கரையில் ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குச் சென்றன. பின்னர் அவர் மித்தி ஆற்றிலும் இறங்கினார். வருடம் ஒரு முறை பேருந்தில் வந்து போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

இறங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கனமான கையுறையும் காலணியும் இல்லாமல் இறங்க வேண்டாம். ஊசியும் கண்ணாடியும் கிடக்கும். காலில் புண் இருப்பவர்கள் கரையில் நின்று சாக்குப் பிடிக்கட்டும். சாக்கடை ஓடும் இடத்தில் இறங்கவே வேண்டாம். தன்னைத் தானே கெடுத்துக்கொள்வதற்கு மார்க்கத்தில் அனுமதி இல்லை. வேறொரு சட்டை, கைலி கொண்டு போங்கள். நஜீஸ் பட்ட துணியோடு லுஹருக்கு நிற்காதீர்கள். எடுத்த குப்பை எங்கே போகும் என்பதை முதல் நாளே நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லையேல் ஓர் ஓடையின் குப்பை இன்னோர் ஓடைக்குப் போய்ச் சேரும்.

நாம் ஒருநாள் செய்வதைத் தினமும் செய்கின்ற தூய்மைப் பணியாளர்களையும் மறந்துவிடலாகாது. மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கி வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இறந்தபோது, அவரைப் பெரிதாக எண்ணாமல் தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். ஏன் எனக்கு அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று நாயகம் (ஸல்) அவர்கள் தொழுதார்கள். நம் தெருவைப் பெருக்குகிறவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பெண்ணின் தகப்பனார் பத்து நாள் கழித்து நம்மைத் தேடி வந்தார். தம் மகன்கள் இருவரையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலை ஓடைக்குப் போய் வந்ததாகச் சொன்னார். புது மாப்பிள்ளைக்கு முதல் விருந்தே சாக்குப் பிடிப்பதாகிவிட்டது என்று சிரித்தார், கண் கலங்கியிருந்தது. அவருடைய மஹல்லாவில் ஐப்பசி மாதம் கூடிய ஜமாஅத் கூட்டத்தில் அவரே எழுந்து பேசி ஒரு முடிவு எடுக்கச் செய்திருக்கிறார். நிகாஹ் தஃப்தரில் பதிவதற்கு வரும் குடும்பத்தாரிடம், மஹர், வலி, சாட்சிகள் கேட்ட பிறகு, விருந்துக் குப்பை எந்த வண்டியில் எந்தக் கிடங்கிற்குப் போகிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். வண்டிக் கூலியைப் பெண் வீட்டாரிடம் வாங்காமல் வலீமா கொடுக்கும் மாப்பிள்ளை வீட்டாரே தர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதில்தான் கொஞ்சம் வாக்குவாதம் நடந்ததாம்.