கை மாறும் பொருளுக்கும் தர்மம் உண்டு



தைப்பூசம் நெருங்கினால் போதும், நம்ம பிள்ளைகள் கைப்பேசியில் ஒரே தேடலாக இருப்பார்கள். முடா, கேரோசெல், பேஸ்புக் சந்தை என்று இரவு பகலாக ஓடும். ஒருவருக்குப் பழைய உறுமி வேணும், இன்னொருவருக்கு ஸ்பீக்கர். வேறொருவருக்குக் கையில் காசு இல்லை, ஃபோனை விற்றால்தான் கல்லூரிக்குப் பணம் கட்ட முடியும். பழையது வாங்குவதிலோ விற்பதிலோ வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்ம தாத்தா பாட்டி தோட்டத்தில் சைக்கிளிலிருந்து தையல் மெஷின் வரை அப்படித்தான் வாங்கினார்கள்.

‘சமய வகுப்புல இத ஏன்ணே பேசுறீங்க?’ என்று கேட்பீர்கள். மதுரைச் சொக்கநாதரே ஒரு நாள் வியாபாரியாக வந்தவர் ஆயிற்றே, அதனால்தான்.

திருவிளையாடற் புராணத்தில் 17ஆவது படலம், மாணிக்கம் விற்ற படலம். வீரபாண்டியன் வேட்டைக்குப் போன இடத்தில் புலியால் இறந்துபோகிறான். அந்தக் குழப்பத்தில் அவனுடைய காமக்கிழத்தியரின் மக்கள் கருவூலத்தில் இருந்த மணிகளையும் மகுடத்தையும் களவாடிக்கொண்டு போய்விடுகிறார்கள். சிறுவனான அபிடேகப் பாண்டியனுக்கு முடிசூட்ட வேண்டும். புது மகுடம் செய்ய நல்ல மணி இல்லை. அமைச்சர்கள் தவித்துக்கொண்டு நிற்கும்போது இறைவன் வைர வணிகராக வந்து நவமணிகளையும் பரப்பி வைக்கிறார்.

வந்தவர், ‘இதோ மணி, பணத்தைக் கொடு’ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மணியும் எப்படித் தோன்றியது, எது நல்ல மணிக்கு அடையாளம், எது குற்றம் என்று விளக்கிச் சொல்கிறார். கடவுள் கொண்டுவந்த மணியில் குறை இருக்குமா? இருக்காது. இருந்தாலும், குறை என்றால் என்னவென்று வாங்குபவருக்குப் புரியவைத்த பிறகே பொருளைக் கையில் கொடுக்கிறார். புராணத்தைப் படிக்கும்போது பலர் இந்த இடத்தை ரத்தினப் பட்டியல் என்று தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் படலத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகத் தோன்றும்.

எங்கள் பஜனைக் குழுவில் இது ஒரு சண்டையாகவே வந்தது. குழுவின் பழைய கீபோர்டை விற்க முடிவு செய்தோம். அரை மணி நேரம் வாசித்துச் சூடானால் மேல்பக்கம் இரண்டு கட்டைகள் சத்தம் கொடுக்காது. வேறொரு கோயில் பிள்ளைகள் 600 வெள்ளிக்குக் கேட்டிருந்தார்கள். எங்கள் பொருளாளர் தம்பி கெட்டிக்காரன்.

‘அண்ணே, பஜனைப் பாட்டுல அவ்வளவு மேல யாரும் போக மாட்டாங்க. அவங்க கேட்டா சொல்லுவோம். கேக்கலன்னா நாம ஏன் சொல்லணும்?’

‘அவங்க எப்படித் தம்பி கேப்பாங்க? வந்து அஞ்சு நிமிஷம் வாசிச்சுப் பாத்தா நல்லாத்தானே கேக்கும்?’

‘நாம பொய் சொல்லலையே அண்ணே.’

சொல்லவில்லைதான். ஆனால் பொருளோடு பல வருஷம் இருந்தவனுக்குத் தெரிந்தது, ஐந்து நிமிஷம் பார்ப்பவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியைக் காசாக்குவதற்குத் தமிழில் ஒரு பெயர்தான் இருக்கிறது, வஞ்சகம். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகருக்கென்றே சொல்லப்பட்டது. அடுத்தவர் பொருளையும் உன் பொருள்போல நினைத்து வியாபாரம் செய் என்பது அதன் கருத்து. அந்தக் கீபோர்டை நாமே வாங்கப் போகிறோம் என்றால் அந்த இரண்டு கட்டைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட மாட்டோமா? கடைசியில் சொன்னோம். 450க்குப் போனது. 150 வெள்ளி நட்டம் என்று தம்பி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் உண்டு. அந்தக் காசு குழுவுக்குப் பெரிய காசு. தர்மம் எப்போதும் இலவசமாக வராது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

இனி வாங்குகிற பக்கம். விற்பவர் எல்லாரும் சொக்கநாதர் இல்லை, அதனால் கண்ணும் காதும் திறந்திருக்கட்டும். ஆர்மோனியம் என்றால் துருத்தியைக் காற்றால் நிரப்பிவிட்டு எந்தக் கட்டையையும் அமுக்காமல் பாருங்கள். துருத்தி சீக்கிரம் மூடினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. பிறகு ஒவ்வொரு கட்டையாக, மெதுவாக. மிருதங்கத்தில் தோலை மாற்றிக்கொள்ளலாம், வாரை மாற்றிக்கொள்ளலாம். கட்டையில் விரிசல் விட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? நம்ம நாட்டு ஈரக்காற்றில் தோல் தளர்வது சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மிக்சர், ஆம்ப்ளிஃபயர் என்றால் ஒவ்வொரு சேனலிலும் மைக்கைச் செருகிப் பேசுங்கள், ஒவ்வொரு திருகையும் திருப்பிப் பாருங்கள்; கரகரவென்று சத்தம் வந்தால் விலையைப் பேசுங்கள். அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், சூடான பிறகுதான் அதன் உண்மைக் குணம் தெரியும். (மனிதர்களும் அப்படித்தான் என்று என் அம்மா சொல்வார்கள்.) ஷூர் எஸ்எம்58 மைக்கில் போலி ஏராளமாக உலாவுகிறது. அசல் ஏறக்குறைய 300 கிராம் கனக்கும். கையில் லேசாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பழைய கைப்பேசி வாங்கும்போது *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். அது பெட்டியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். விற்பவர் தன் கணக்கை உங்கள் கண் முன்னாலேயே நீக்கட்டும். ‘பாஸ்வர்டு மறந்துடுச்சு, வீட்டுக்குப் போய் அனுப்புறேன்’ என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். ஆட்கள் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள். பொருளைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் போலீசின் செமாக் மியூல் பக்கத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைச் சோதித்துவிட்டு அனுப்புங்கள். ஏமாந்தது தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997க்கு அழையுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். ஆயிரம் வெள்ளிப் பொருளை ஒருவன் 150க்குக் கொடுக்கிறான்; பெட்டி இல்லை, ரசீது இல்லை, எங்கே வாங்கினாய் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். ‘நமக்கென்ன, சீப்பா கெடச்சிச்சு’ என்று வாங்கிவிடுகிறோம். குற்றவியல் சட்டம் 411ஆவது பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குபவனை மட்டும் பிடிப்பதில்லை; அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்குபவனையும் பிடிக்கும். சட்டத்தை விடுங்கள். நம்ம கோயில்களிலேயே குத்துவிளக்கும் மணியும் காணாமல் போகின்றன. திருடியவன் அதை வீட்டில் ஏற்றி வைத்துக் கும்பிடவா போகிறான்? எடைக்கு வாங்க ஒரு கை காத்திருக்கிறது, அதனால்தான் திருடுகிறான். அந்தக் கை உங்கள் கையாக இருக்கக்கூடாது. பாண்டியனின் கருவூலம் காலியானபோதும் எவனோ ஒருவன் கேள்வி கேட்காமல் அந்த மணிகளை வாங்கியிருப்பான். புராணம் அவனைப் பற்றிப் பேசவில்லை, நான்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நகை விஷயம். 916 என்று முத்திரை இருந்தால் 8 கிராமில் 7.328 கிராம்தான் சுத்தத் தங்கம். 750 என்றால் 6 கிராம். விற்கும்போது செய்கூலி திரும்பக் கிடைக்காது, கல்லின் எடையையும் கழித்துவிடுவார்கள். அதனால் ஒரே கடையில் முடிவு செய்யாமல் இரண்டு மூன்று கடைகளில் எடைபோட்டுக் கேளுங்கள். அவசரத்துக்குத்தான் பணம் என்றால் விற்பதைவிட உரிமம் பெற்ற அடகுக்கடை மேல். வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, தவணை ஆறு மாதம். ஆயிரம் வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120 வெள்ளி வட்டி. கட்ட முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள், சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் எல்லாப் பொருளும் தராசுக்கு அடங்காது. பழையாறையில் துணி வணிகராக இருந்தவர் அமர்நீதி நாயனார். பிரம்மச்சாரியாக வந்த சிவபெருமான் அவரிடம் ஒரு கோவணத்தைப் பாதுகாக்கக் கொடுக்கிறார், அது மாயமாகிவிடுகிறது. இன்னொரு கோவணத்தைத் தராசில் வைத்து அதற்கு ஈடு கேட்கிறார். நாயனார் கடைத் துணியெல்லாம் வைத்தார், பொன்னும் வெள்ளியும் வைத்தார், தட்டு அசையவில்லை. மனைவி மகனோடு அவரே ஏறி உட்கார்ந்த பிறகுதான் தராசு சமமானது. பார்க்கப்போனால் ஒரு பழைய கோவணம்!

பாட்டி போட்டுவிட்ட சங்கிலியும், தாத்தா பால்மரம் வெட்டிய காசில் வாங்கிய ஆர்மோனியமும் உங்கள் வீட்டிலும் இருக்கும். புது ஃபோனுக்காக அவற்றைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில நேரம் அவர்களே, ‘எடுத்துட்டுப் போய்யா, ஒன் படிப்புக்குத்தானே’ என்று கழற்றிக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதைக் கொண்டுவந்து அவர்கள் கையிலேயே கொடுங்கள்.