பாழிடமும் விலையும்

சைவப் பாடசாலை ஆசிரியர்களே,

இறைவனுக்கு உரிய நிலம் பிறர் கைப்பட்டு, இடிபாட்டோடு விலைக்கு வருமாயின், அதனைச் சைவர் பொருள் கொடுத்து வாங்குதல் தகுமோ? தகாது என்பார், தமக்குரியதற்கு விலை கொடுத்தல் கவர்ந்தான் செயலை முறையென ஒப்புதலாம் என்பர். இவ்வினா வெறுங் கற்பனை அன்று.

மன்னார்க் கடற்கரையை அடுத்த மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம் போர்த்துக்கேயரால் அழிவுற்றுக் காடாய்க் கிடந்தது. அதனைப் புதுப்பிக்குமாறு ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் 1872 இல் சைவருக்கு விண்ணப்பஞ் செய்தார். அவர் சிவபதம் அடைந்து பதினான்கு ஆண்டின் பின், 1893 இல், ஆங்கில அரசினர் அந்நிலத்தை ஏலத்தில் விட, சைவர் அதனை வாங்கினர். 1894 இல் அகழ்ந்தபொழுது பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1903 இல் அங்கே சிறு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது.

விலை செய்வது யாதெனின், வைத்திருப்பான் கையைத் திறப்பித்தலேயாம். அஃது உரிமையை ஆக்கவும் மாட்டாது, அழிக்கவும் மாட்டாது. கள்வராற் கவரப்பட்ட மகவைப் பொருள் கொடுத்து மீட்குந் தந்தை, அம்மகவு கள்வருடையதென்று ஒப்பினான் அல்லன். ஆதலின் அவ்வேலத்தில் வாங்கினார்க்குக் குற்றம் இல்லை. மானம் பேசி வாளா இருந்திருப்பாராயின், அந்நிலம் வேறொருவர் தோட்டமாகியிருத்தலுங் கூடும்.

ஆயின் இந்நியாயம் நம்மையுந் தொடும். விலை உரிமையை ஆக்காதெனின், உறுதி எழுதி வாங்கிய நிலமும் அறத்தால் நமதாகாதிருத்தல் கூடும் அன்றோ? எமது வீரமுனையிலே, 1990 ஆகஸ்ட் 12 ஆந் தேதி, பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் பலர் கொலையுண்டனர். ஊரவர் பலர் இடம்பெயர்ந்தனர். அங்ஙனஞ் சிதறினார் ஒருவர் இடிந்த வீட்டோடு தம் வளவை விற்க வருங்கால், அவருடைய அச்சத்தையும் வறுமையையுங் கணக்கிட்டு விலையைக் குறைப்பவன், எம்மதத்தினனாயினும், நம்மவனேயாயினும், குறைத்த அளவிற்குக் கவர்ந்தவனே. உறுதி அவன் பெயரில் நிற்கும். கடன் அவன் தலையில் நிற்கும்.

சிவன் சொத்துக் குலநாசம் என்று மாணாக்கர்க்குச் சொல்லி வருகின்றோம். உயிர்தோறும் உறைபவர் சிவபெருமான் ஆதலின், இடருற்றார் வளவும் அச்சொத்தின் வேறன்று. அதனையுஞ் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியர் கடனாம்.