முஆனகா: யாரைத் தழுவ மறந்தோம்?





பெருநாள் தொழுகை முடிந்ததும் ஒருவரையொருவர் கட்டித் தழுவி ஸலாம் சொல்கிறோம். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. ஆனால் அதே ஸஃப்பில் நிற்கும் கூடப்பிறந்த அண்ணனை, சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன மச்சானைக் கண்டால் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறோம். தழுவ எளிதானவர்களைத் தழுவிவிட்டு, தழுவ வேண்டியவரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம். இன்றைய ஜும்ஆவில் இதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஸாஹிர் (ரலி) என்று ஒரு கிராமத்து ஸஹாபி இருந்தார். மதீனாவுக்கு வரும்போதெல்லாம் தம் ஊர்ப் பொருட்களை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவருவார். திரும்பும்போது நபியவர்களும் அவருக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்புவார்கள். தோற்றத்தில் அழகானவர் அல்லர். ஒருநாள் சந்தையில் சரக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் சத்தமில்லாமல் பின்னால் வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரென்று தெரியவில்லை. "யார் இது, விடுங்கள்" என்கிறார். திரும்பிப் பார்த்தால் அல்லாஹ்வின் தூதர்! உடனே விலகவில்லை, தம் முதுகை நபியவர்களின் நெஞ்சோடு இன்னும் நன்றாக ஒட்டவைத்துக்கொண்டார்.

நபியவர்கள் விளையாட்டாக, இந்த அடிமையை வாங்குவது யார் என்று கூவினார்கள். (அந்த விளையாட்டிலும் பொய் இல்லை பாருங்கள். நாம் எல்லோருமே அல்லாஹ்வின் அடிமைகள்தானே!) என்னை விற்றால் விலைபோகமாட்டேனே என்றார் ஸாஹிர். அல்லாஹ்விடத்தில் நீர் விலைமதிப்பு மிக்கவர் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் சம்பவம் முஸ்னத் அஹ்மதிலும் திர்மிதி இமாமின் ஷமாயிலிலும் பதிவாகியிருக்கிறது.

தம்மை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்த மனிதர் அவர். அவருடைய மதிப்பை நபியவர்கள் வாயால் சொல்வதற்கு முன்பே கையால் சொல்லிவிட்டார்கள். அதுவும் நாலுபேர் பார்க்கும் சந்தையில். நம் ஊரிலும் ஸாஹிர்கள் இருக்கிறார்கள். பெருநாளன்று அவர்களைத் தேடிப்போய்த் தழுவியவர் எத்தனை பேர்?

வீட்டுக்குள் வருவோம். நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைப் பார்த்த அக்ரஉ இப்னு ஹாபிஸ், எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் நான் முத்தமிட்டதில்லை என்றார். பெருமையாகத்தான் சொல்லியிருப்பார், கண்டிப்பான தகப்பன் என்றால் அப்படித்தான் என்ற எண்ணம் இன்றும் நம்மிடம் இருக்கிறதே! இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் நபியவர்கள் பதிலளித்தார்கள். இது புகாரியில் உள்ளது.

சிறுபிள்ளையைக் கொஞ்சுவதோடு இது முடிந்துவிடவில்லை. ஃபாத்திமா (ரலி) அவர்கள் மணமாகிப் பிள்ளை பெற்றவர்கள். அவர்கள் வந்தால் நபியவர்கள் எழுந்து சென்று, முத்தமிட்டு, தாம் அமர்ந்திருந்த இடத்தில் அமரவைப்பார்கள். நம் வீட்டிலோ மகனுக்கு மீசை அரும்பியதும் அத்தாவுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. "சாப்பிட்டியா", "பணம் இருக்கா" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்த வயதில்தான் அவன் தோளில் அத்தாவின் கை அதிகம் தேவை.

நபித்தோழர்கள் சந்தித்தால் முஸாபஹா செய்வார்கள், பயணத்திலிருந்து வந்தால் முஆனகா செய்வார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்கள் பல ஆண்டுகள் அபிஸீனியாவில் இருந்துவிட்டு ஹிஜ்ரி 7ல், கைபர் வெற்றியின்போது திரும்பி வந்தார்கள். நபியவர்கள் அவரைத் தழுவி, நெற்றியில் முத்தமிட்டார்கள். கைபரின் வெற்றிக்கு மகிழ்வதா, ஜஅஃபரின் வருகைக்கு மகிழ்வதா என்று சொல்லுமளவு சந்தோஷப்பட்டார்கள்.

சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் இரண்டு வருடம் கழித்து வரும் நம் சகோதரர்களைத் திருச்சி விமான நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். கைக்குழந்தையாக விட்டுப்போன பிள்ளை உம்மாவின் புர்காவைப் பிடித்துக்கொண்டு ஒளிகிறது. வந்தவரோ பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். பெட்டி எங்கேயும் போகாது, முதலில் பிள்ளையைத் தூக்குங்கள். ஓரமாக நிற்கும் வயதான அத்தாவையும் உம்மாவையும் அணைத்துக்கொள்ளுங்கள். எகிப்தின் அதிகாரத்தில் இருந்த யூஸுஃப் (அலை) அவர்கள், பெற்றோர் வந்தபோது முதலில் அவர்களைத் தம்மோடு அணைத்துக்கொண்டதைத்தான் குர்ஆன் சொல்கிறது. சிம்மாசனத்தில் ஏற்றியது அதற்குப் பிறகு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றாடச் சந்திப்பில் முஆனகா வேண்டாம், முஸாபஹா போதும் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஆகவே பயணம், நீண்ட பிரிவு போன்ற நேரங்களுக்கே முஆனகா என்று அறிஞர்கள் விளக்கினார்கள். மஹ்ரம் அல்லாத ஆண் பெண்ணுக்கு இதில் இடமே இல்லை. பெருநாள் முஆனகாவை ஒரு தனி வணக்கமாக எண்ணாமல் மகிழ்ச்சியின் வெளிப்பாடாகச் செய்தால் தவறில்லை என்று உலமாக்கள் பலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். தழுவலாமா கூடாதா என்று பள்ளிவாசல் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொள்வதுதான் வேதனை.

கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். தபூக் போருக்குப் போகாமல் தங்கியதால் 50 நாட்கள் அவரிடம் யாரும் பேசவில்லை. தவ்பா ஏற்கப்பட்ட செய்தி கேட்டுப் பள்ளிக்கு வருகிறார். தல்ஹா (ரலி) அவர்கள் மட்டும் முஹாஜிர்களிலிருந்து எழுந்து, ஓடிவந்து, கைகொடுத்து வாழ்த்தினார்கள். கண்பார்வை போன முதுமையிலும் கஅப் தம் மகனிடம் அதைச் சொல்கிறார்: தல்ஹா செய்ததை நான் மறக்கமாட்டேன் என்று. சில எட்டுகள் ஓடிவந்தது, ஒரு கை. அவ்வளவுதான்!

இன்று தொழுகை முடிந்ததும் உங்கள் அண்ணன் எந்த வாசல் வழியாகப் போவார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாசலில் போய் நில்லுங்கள். அவர் முதலில் ஸலாம் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

யா அல்லாஹ்! தூரதேசத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை நலமாகத் திருப்பிக் கொண்டுவருவாயாக. பிரிந்து கிடக்கும் எங்கள் உள்ளங்களை ஒன்றுசேர்ப்பாயாக. ஆமீன்.